பழைய புத்தகக் கடை ஏற்றலும் திறத்தலும்: ஸ்ரீவராகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பழைய புத்தகக் கடையை இன்னொருவரிடமிருந்து ஏற்று, தூசி தட்டி, மறுபடி ஷட்டரைத் தூக்க எத்தனை நாள் ஆகும் என்னும் வினாவுக்கு முனைவர் பட்டம் வழங்கும் துணிவு நம் பல்கலைக்கழகங்களுக்கு வரப்போவதில்லை. எனவே நெறியாளர் இல்லாமல், உதவித்தொகை இல்லாமல், வீட்டில் ஆதரவும் இல்லாமல் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. விடை: 70 நாள். விடையை முதல் பத்தியிலேயே போட்டு உடைப்பது ஆய்வு மரபுக்கு ஒவ்வாது என்பதை ஆய்வாளன் அறிவான். ஆனால் கடைசித் தாள் கிழிந்துபோன துப்பறியும் நாவல்களோடு 70 நாள் குடித்தனம் நடத்தியவன், முக்கியமான எதையும் கடைசித் தாளுக்கு விட்டுவைக்க மாட்டான்.

இந்த 70 நாளில் வேலை நடந்தது 9 நாள். மீதி 61 நாள் எங்கே போயிற்று என்பதே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுக் களம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், மணக்காட்டை ஒட்டி இருக்கிறது. லட்சுமி வராக மூர்த்தி கோயிலால் ஊருக்கு இந்தப் பெயர். கோயிலுக்கு முன்னால் அதன் குளம்தான் கண்ணில் விழும், அத்தனை பெரிது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த பூமியைத் தூக்கி வந்த அவதாரத்தின் ஊரில், பரணில் மூழ்கிக் கிடந்ததைத் தூக்கி வந்து விற்கும் தொழில் அமைந்தது தற்செயல் அல்ல என்றொரு கருதுகோளை ஆய்வாளன் வைத்திருந்தான். "வாடக கொறவு தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்று அண்ணாச்சி சொன்னதும் அது கைவிடப்பட்டது.

வராகன் என்பது பழைய பொன் நாணயத்தின் பெயரும்கூட. பன்றி முத்திரையால் வந்த பெயர். 1818-இல் கும்பினியார் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். இந்தச் செய்தி கடையிலிருந்த ஒரு நாணயவியல் புத்தகத்தில் கிடைத்தது. அதைப் படித்த நாள் மேற்படி 61-இல் ஒன்று.

அண்ணாச்சி என்பவர் கடையின் முந்தைய உடைமையாளர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே முப்பது வருஷத்துக்கு மேல் பழைய புத்தகம் விற்றவர். முழங்கால் வலி காரணமாக ஸ்டூலில் ஏற முடியாமல் போய், மேல்தட்டுப் புத்தகங்களின் விற்பனை அறவே நின்றுபோனதால் ஓய்வு பெற்றார்.

கடை கைமாறும்போது கொடுக்கும் பணத்துக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் சொல் பகடி. இந்தியில் தலைப்பாகை. தமிழில் கேலி. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, எதை வாங்கினோம் என்று சுற்றுமுற்றும் பார்க்கிற நேரத்தில் தமிழ்ப் பொருளே பொருந்தி வருகிறது. கிடைத்தவை: ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல், பூட்டு இல்லாத கல்லாப்பெட்டி, ஒரு கடன் நோட்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பூனை, எண்ணப்படாத புத்தகங்கள். எண்ணித் தாருங்கள் என்றதற்கு அண்ணாச்சி சொன்னார்: "எண்ணப்பிடாது கேட்டீரா. எண்ணுனா கொறையும்."

ஆய்வாளன் எண்ணினான். முதல் எண்ணிக்கையில் 4,112. பத்து நாள் கழித்து எண்ணியதில் 4,067. கூற்று நிறுவப்பட்டது. (குறைந்த 45-உம் ஆய்வாளனின் கட்டிலுக்கு அடியில் பின்னர் கண்டெடுக்கப்பட்டன.)

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் முன்னோடி ஜார்ஜ் ஆர்வெல். 1934 முதல் 1936 வரை லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் 'புக்லவர்ஸ் கார்னர்' என்ற பழைய புத்தகக் கடையில் வேலை பார்த்தார். பிறகு எழுதிய கட்டுரையில், அந்த வேலை தமக்குப் புத்தகத்தின் மீதிருந்த ஆசையையே கெடுத்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். நீலஈக்கள் சாவதற்குப் புத்தகங்களின் மேல்விளிம்பைத்தான் தேடி வருகின்றன என்பதும் அவர் கண்டுபிடிப்பு. ஸ்ரீவராகத்தில் அந்த இடத்தைப் பல்லி முட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மற்றபடி முடிவுகள் ஒத்துப்போகின்றன.

ஏற்றல் என்னும் கிளைத்துறையில் ஷான் பைத்தெல் முக்கியமானவர். ஸ்காட்லாந்தில் விக்டவுன் என்ற சிற்றூரில் இருந்த பழைய புத்தகக் கடையை 2001-இல் வங்கிக் கடன் போட்டு வாங்கினார். பிற்பாடு ஒரு கிண்டிலைத் துப்பாக்கியால் சுட்டு, பாடம் செய்த புலித்தலையைப் போலக் கடைச் சுவரில் மாட்டினார். வேல்ஸ் எல்லையில் ஹே-ஆன்-வை ஊரைப் பழைய புத்தக ஊராகவே மாற்றிய ரிச்சர்ட் பூத், 1977 ஏப்ரல் 1 அன்று அவ்வூரைத் தனி நாடு என்றும் தன்னை மன்னர் என்றும் அறிவித்துக்கொண்டார். ஸ்ரீவராகத்தில் இது நடக்காது. அரை கிலோமீட்டர் நடந்தால் உண்மையான ராஜ்ஜியத்தின் கோட்டைச் சுவர் வந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இத்துறையின் புனிதத் தலம் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தது, 1985-இல் எரிந்தது. கட்டடம் போய், புத்தகம் போய், பெயர் மட்டும் பக்கத்துப் புறநகர் ரயில் நிலையத்தின் 'எம்எம்சி' என்ற குறியீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளூர் முன்னோடியைச் சொல்லாமல் விடக்கூடாது. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவையே கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன் (1934–2021). 2015-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். கடையில் உட்கார்ந்தபடி அவரால் எப்படி எழுத முடிந்தது என்று விமரிசகர்கள் வியக்கிறார்கள். ஆய்வாளனுக்கு வியப்பில்லை. பாத்திரத்தைப் பிரித்துப் படிக்க முடியாது. அவர் மட்டும் புத்தகக் கடை வைத்திருந்தால் தமிழுக்கு 'கிருஷ்ணப் பருந்து' கிடைத்திருக்காது.

சட்டமும் கூலியும்

கேரளத்தில் கடை வைக்க மாநகராட்சி தரும் உரிமத்துக்கு ஊர் வழக்கில் 'டி அண்ட் ஓ லைசன்ஸ்' என்று பெயர். டேஞ்சரஸ் அண்ட் ஒஃபென்சிவ். அபாயமானதும் தொல்லை தருவதுமான தொழில்களுக்கான உரிமம். பட்டாசுக்கும் தோல் பதனிடுவதற்கும் இது பொருந்தும், பழைய புத்தகத்துக்கு எதற்கு என்று ஆய்வாளன் முதலில் மனம் நொந்தான். இரண்டாவது வாரம் மேல்தட்டிலிருந்து ஒரு சட்டத் தீர்ப்புத் தொகுதி காலில் விழுந்தபின் முதல் சொல்லை ஒப்புக்கொண்டான். அதிலிருந்து கிளம்பிய தூசியில் மூன்று நாள் தும்மியபின் இரண்டாவது சொல்லையும்.

வரிச் சட்டம் இன்னும் நுட்பமானது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே புத்தகம் கழிவுத்தாள் ஆகிவிட்டால் உண்டு. ஒரு புத்தகம் எந்த நொடியில் கழிவுத்தாள் ஆகிறது என்ற வினாவைத் தத்துவ ஞானிகள் கூட இவ்வளவு கறாராக எழுப்பியதில்லை.

இனி நோக்குகூலி. சரக்கை நாமே இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்காகச் சுமட்டுத் தொழிலாளர் கேட்டுவந்த கூலி. 2018 மே 1 முதல் கேரளத்தில் இது ஒழிக்கப்பட்டது. ஒழித்ததில் ஆய்வாளனுக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய புத்தகக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நோக்குபவர்கள். இரண்டு மணி நேரம் நின்று, அத்தியாயம் மாற்றி அத்தியாயம் நோக்கி, "பின்னே வராம் அண்ணா" என்று இறங்கிப் போகிறவர்கள். (அண்ணன் என்று விளிப்பதில் திருவனந்தபுரத்து மலையாளிக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை, வாங்காமல் போவதிலும் இல்லை.) அந்தக் கூலியைத் திசைமாற்றி, நோக்குபவர் கடைக்காரருக்குத் தர வேண்டும் என்று சட்டம் செய்திருந்தால் இந்தத் தொழில் என்றோ கொழித்திருக்கும்.

பூச்சியியல்

கடையை ஏற்றது இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஜூன் 8-ஆம் தேதி. ஈரம் என்பது இந்த ஊரில் பருவம் அல்ல, குடியிருப்பாளர். அதை நம்பி வாழ்பவை மூன்று.

ஒன்று, கறையான். மலையாளத்தில் சிதல். நம் பழைய இலக்கியத்தில் இருந்த சொல்லை நாம் கறையானுக்குக் கொடுத்துவிட்டோம். மலையாளி பத்திரமாக வைத்திருக்கிறான், சொல்லையும் பூச்சியையும். இரண்டு, ராமபாணம். ஏழு மராமரத்தைத் துளைத்த அம்பைப் போல, அட்டை முதல் அட்டை வரை நேர்கோட்டில் துளைத்துக்கொண்டு போகும் புழு. கடையில் வரிசையாக நின்ற ஏழு கலைக்களஞ்சியத் தொகுதிகளில் ஐந்தை ஒரே துளை கடந்திருந்தது. ஆறாவதை விட்டுவிட்டதற்குக் காரணம், அது வேறு பதிப்பு.

மூன்றாவது இங்கே இரட்டவாலன் எனப்படும் வெள்ளிநிறப் பூச்சி. துளைக்காது, பக்கத்தின் மேலே மேயும். பசையையும் கஞ்சியையும் விரும்பும். ராபர்ட் ஹூக் 1665-இல் நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரைந்த புகழ் இதற்குண்டு. மலையாளப் பெயரில் ஒரு பிழை இருப்பதை ஆய்வாளன் கண்டறிந்தான். வால் இரண்டல்ல, மூன்று. பூதக்கண்ணாடி வைத்து எண்ணி உறுதி செய்யப்பட்டது. இதற்கு ஆனது ஒரு முழு முற்பகல், 61-இல் சேர்க்க.

தடுப்பு முறையாக அண்ணாச்சி வசம்பும் வேப்பிலையும் வைத்திருந்தார். ஆய்வாளன் பாச்சை உருண்டை வைத்தான். பூச்சி போகவில்லை, பூனை போயிற்று.

வகைப்பாடு

இந்த இயலில்தான் ஆய்வாளன் கெட்டுப்போனான். எனவே இது சற்று நீளும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் தந்தார். எந்தப் புத்தகத்தையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பிரித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. தமிழனாகப் பிறந்து ஒரு கடையை ஏற்றவன் அதை விட்டுவிட்டு வேறு எதைப் பின்பற்றுவான்?

அண்ணாச்சியின் கடையில் அலமாரி வரிசை என்று ஒன்று இல்லை. அட்டிகள் இருந்தன. தரையிலிருந்து இடுப்பு உயரம், சில இடத்தில் தோள் உயரம். ஒரே அட்டியில் சட்டத் தீர்ப்புகள், பெரி மேசன் துப்பறியும் கதைகள், வாயுத் தொல்லைக்கு ஆயுர்வேதம், விக்டர் யூகோவின் நாவலை நாலப்பாட்டு நாராயண மேனோன் 1925-இல் மலையாளமாக்கிய 'பாவங்கள்'. இன்னொன்றில் இந்திப் பிரச்சார சபைப் பாடநூல்கள், பின்னல் வேலைப் படங்கள், 'பாலரமா' கட்டு, நர்சிங் நுழைவுத்தேர்வுக் கையேடு. மூன்றாவதில் மாஸ்கோவில் அச்சான மீர் பதிப்பக இயற்பியல், அதற்கு அடியில் ரயில்வே கால அட்டவணைகள், அதற்கும் அடியில் சபரிமலை வழிகாட்டி. கண்டதும் ஆய்வாளனுக்குப் பரிதாபமாக இருந்தது. முப்பது வருஷமாக ஒருவர் இப்படியே விட்டுவைத்திருக்கிறாரே!

9 நாள் வேலை என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். சட்டம் சட்டத்தோடு, பின்னல் பின்னலோடு, சோவியத் சோவியத்தோடு. அரசுப் பணித் தேர்வுக்கான பிஎஸ்சி ரேங்க் ஃபைல்களுக்குத் தனி அலமாரி. கேரளத்தில் அரசு வேலைக்குப் படிக்காத வீடு இல்லை என்பதால் அவை மட்டும் 300-ஐத் தாண்டின. ஒன்பதாம் நாள் மாலை ஆய்வாளன் ஸ்டூலில் உட்கார்ந்து தன் படைப்பைப் பார்த்து மகிழ்ந்தான்.

மறுநாள் பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு பெரியவர் உள்ளே வந்தார். நாலு சுவரையும் பார்த்தார். தொலைந்த குழந்தையைத் தேடுகிற குரலில் கேட்டார்: "வக்கீல் எவிடெப் போயி?"

வக்கீல் என்று யாரும் இங்கே இல்லை என்று ஆய்வாளன் பணிவாகத் தெரிவித்தான். அவர் மூலையைக் கைகாட்டினார். "இவிடெ உண்டாயிருந்நு." இங்கேதான் இருந்தார்.

அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டபின்தான் விளங்கியது. அட்டி ஒவ்வொன்றும் ஒரு வீடு. வக்கீல் வீட்டு அட்டி, டீச்சர் வீட்டு அட்டி, ரயில்வேக்காரர் அட்டி, அமெரிக்கா போனவர் அட்டி. வாங்கிய புத்தகத்தை வீட்டோடு வீடாக அடுக்கி, அப்படியே விற்றுக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர்களும் பொருளைத் தேடி வரவில்லை. தங்களைப் போலவே ருசியுள்ள ஒரு வீட்டைத் தேடி வந்தார்கள். இந்தப் பெரியவருக்கு வக்கீலை நேரில் தெரியாது. ஆனால் வக்கீல் படித்து முடித்ததைப் பன்னிரண்டு வருஷமாகப் பின்னாலேயே படித்துக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் ஆய்வாளன் வக்கீலைக் கலைத்துவிட்டான்.

ஆவணக் காப்பகத் துறையில் இதற்கு ஒரு மரியாதையான பெயர் உண்டு: வந்த வழிக் கோட்பாடு. ஓர் இடத்திலிருந்து வந்த தாள்களை வேறு தாள்களோடு கலக்கக் கூடாது என்று 1841-இல் பிரான்சில் அரசாணையே போட்டார்கள். அண்ணாச்சி அந்த ஆணையைப் படித்தவர் அல்லர். மறதிக்குப் பயந்து அப்படி அடுக்கியவர்.

பிறகு நடந்தது மீட்புப் பணி. அண்ணாச்சி ஆட்டோ பிடித்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வாளன் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நீட்ட வேண்டும். அவர் தலைப்பைப் பார்க்க மாட்டார். முதுகைத் தடவுவார், ஓரத்தைப் புரட்டுவார், சில சமயம் முகர்வார். "இது டீச்சர்... இது வக்கீல்... இதும் டீச்சர்." ஒரு புத்தகத்தில் நெடுநேரம் தயங்கினார். "இது வக்கீல் வீடுதான். ஆனா வக்கீல் படிச்சதில்ல, மருமவன்." எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் முப்பது பக்கம் மட்டும் அழுக்காக இருப்பதைக் காட்டினார்.

நாளுக்கு 200 புத்தகம் என்ற கணக்கில் இதற்கு 20 நாள் போயிற்று. அண்ணாச்சியைக் குற்றம் சொல்வதற்கில்லை; அவர் வேகமாகத்தான் தடவினார். நீட்டுவதற்கு முன் இரண்டு பக்கம் படித்துவிட்டு நீட்டியவன் ஆய்வாளன். ரங்கநாதனின் நான்காம் விதி, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. கடைக்காரனே படிப்பவனாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் விதி இல்லை.

செருகல்கள்

புத்தகத்துக்குள் எழுத்தாளர் வைக்காத பொருள்கள் இங்கே ஆராயப்படுகின்றன. பஸ் டிக்கெட் 211, காய்ந்த ஆலிலை 9, பதில் போடாத இன்லண்ட் கடிதம் 4 (படித்தோம், உள்ளடக்கம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது), லாட்டரிச் சீட்டு 58. கேரள அரசு லாட்டரி 1967-இல் ஒரு ரூபாய்ச் சீட்டும் 50,000 ரூபாய் முதல் பரிசுமாகத் தொடங்கியது. 58 சீட்டும் பரிசு விழாதவை என்று கொள்ளலாம். விழுந்த சீட்டைப் புத்தகத்தில் வைத்துவிட்டு மறந்தவர் எவரும் இருக்க முடியாது. இருந்திருந்தால் புத்தகத்தைத் தேடிக் கொண்டு வந்திருப்பார்.

தனியே குறிப்பிட வேண்டியது, டீச்சர் அட்டியில் ஒரு நான்காம் வகுப்பு மலையாளப் பாடநூலில் இருந்த மயிலிறகு. ஒன்று. வானம் பார்க்காமல் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்ற கோட்பாடு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி வழங்குகிறது. இறகின் கண் இன்னும் நீலம் மங்காமல் இருந்தது. பாடநூல் என்னவோ உளுத்துவிட்டது. அட்டை இல்லை, பாதி பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கழித்தல்

கடை திறப்பதற்கு முன் கழிப்பது அவசியம் என்று எல்லா முன்னோர்களும் சொல்கிறார்கள். பழைய பாடத்திட்டத்து ரேங்க் ஃபைல்கள், காலாவதியான வருமான வரிக் கையேடுகள், கணினி கற்கப் பத்து நாள் வகையறா, உளுத்தவை. 63 கிலோ. ஆக்ரிக்காரர் (தமிழ்நாட்டில் காயலான் கடைக்காரர்) சாக்கோடு வந்து கிலோ 12 ரூபாய்க்கு எடுத்துப்போனார். 756 ரூபாய். 50 நாளில் கடைக்கு வந்த முதல் வருமானம்.

அதற்குள் கர்க்கிடகம் பிறந்துவிட்டது. நம் ஆடி. நல்ல காரியம் எதையும் தொடங்காத மாதம். வீடுகளில் அத்யாத்ம ராமாயணம் வாசிக்கிற மாதம். பாதி மூடிய ஷட்டரைத் தட்டி நாளைக்கு மூன்று பேராவது, பெரிய எழுத்து ராமாயணம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, ராமபாணம் துளைத்த நிலையில். ஒரு மாமி அதையே வாங்கிக்கொண்டார். அம்பு அங்கே இருப்பது முறைதானே என்றார்.

திறப்பு நாளில் கருத்து வேற்றுமை எழுந்தது. விஜயதசமி என்றது வீட்டுக் கட்சி. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து, கம்பர் வணங்கியதாகச் சொல்லப்படும் சரஸ்வதி, 1956-க்குப் பின் மாநில எல்லையையும் தாண்டி, ஆண்டுதோறும் கோட்டைக்கு எழுந்தருளுகிறாள். அவள் வருகிறபோது திறப்பதுதானே பொருத்தம் என்பது வாதம். ஆனால் துர்காஷ்டமியன்று புத்தகத்தைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி வரை தொடக்கூடாது. 4,000 புத்தகத்தைப் பூஜைக்கு வைத்துவிட்டு விற்பது எதை? தவிர, இன்னும் இரண்டு மாத வாடகை. மலையாளத்துச் சிங்க மாதம் 1, ஆகஸ்ட் 17 என்று முடிவாயிற்று.

களத்தில் பெற்ற தரவு

காலை ஏழரைக்கு ஷட்டர் தூக்கப்பட்டது. அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். வக்கீலைத் தேடிய பெரியவர் வந்து, மூலையில் வக்கீல் இருப்பதைக் கண்டு, இரண்டு மணி நேரம் நோக்கி, பின்னே வராம் என்று போனார்.

பதினொன்றரைக்கு முதல் வணிகம் நடந்தது. வாங்க வரவில்லை, விற்க வந்தார்கள். ஆக்ரிக்காரர் சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கோடு நின்றார். புதுக் கடை திறந்தது அவருக்கும் தெரிந்திருந்தது. "நல்ல புஸ்தகம் உண்டு அண்ணா. கிலோ இருபது." சாக்கைக் கவிழ்த்தார். காலாவதியான வருமான வரி. கணினி கற்கப் பத்து நாள். ரேங்க் ஃபைல். எல்லாம் எனக்கு நல்ல பழக்கமான முகங்கள். கிலோ 12-க்குப் போனவை மூன்று வாரத்தில் கிலோ 20-ஆக உயர்ந்து திரும்பியிருந்தன. பழைய புத்தகத்துக்கு மதிப்பு கூடும் என்பதற்கு இத்தனை தெளிவான தரவு வேறு எந்த ஆய்விலும் கிடைத்திராது.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது அட்டையில்லாத நான்காம் வகுப்புப் பாடநூல் சரிந்து விழுந்தது. ஒட்டிய பக்கங்களைப் பிரித்துப் பார்த்தேன். மயிலிறகு இருந்தது. அதே ஒன்றுதான். குட்டி எதுவும் இல்லை. ஆக்ரிக்கடையில் சாக்கு வெயிலில் கிடந்திருக்கும், வானம் பார்த்திருக்கும்.

"இது என்னெத்துக்கு, கழிவுல்லா?" என்றார் அண்ணாச்சி.

சாக்கை எடை போட்டு 14 கிலோவுக்கு 280 ரூபாய் கொடுத்தேன். பாடநூலை டீச்சர் அட்டிக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத அடித்தட்டில் வைத்தேன். விலை எழுதவில்லை.